திருச்சியிலிருந்து ஆக்லாந்து எவ்வளவு தூரம்?

ஒருவழியாக மலையேறி வந்துவிட்டீர்கள். வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். ராசிபுரத்திலிருந்து செம்மேட்டுக்கு எவ்வளவு நேரம் என்று உங்கள் போன் ஒரு கணக்குச் சொன்னதாம். வேன் அதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்ததாம். அதற்காக டிரைவர் மேல் உங்களுக்குக் கோபமாம். போன் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. விமான டிக்கெட் தொழிலுக்கு வந்திருக்கும் புதியவர்கள் நீங்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. இதை வைத்தே கண்டுபிடித்திருப்பேன்.

உங்கள் ஆபீசில் என்னை ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். திரையில் படம் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்யட்டுமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நான் ஓய்வு பெற்று இந்த மலையில் வந்து உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே இனித் திரையைப் பார்க்க வேண்டாம் என்பதுதான்.

இந்தத் தொழிலில் நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "ஏனுங்க, அங்க போக எத்தன நேரமாகுமுங்க?" நீங்கள் உடனே கம்ப்யூட்டரில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டுகிறீர்கள். இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கம் வருகிறது. நடுவில் வளைந்த கோடு ஒன்று, அதன் மேல் குட்டி விமானப் படம். அதைப் படித்துச் சொல்லிவிட்டு, வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கோட்டில் எந்த விமானமாவது பறக்கிறதா என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பல கோடுகளில் ஒன்றும் பறப்பதில்லை. அது பூமி உருண்டையின் மேல் நூலைப் பிடித்து அளந்த கணக்கு. நூலில் ஏறி யாரும் ஊருக்குப் போக முடியாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர் என்றும் சொல்ல மாட்டேன். சிடுமூஞ்சி. தப்பைத் திருத்தும்போது பக்கத்து டீக்கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரித் திருத்துவார். ஆனால் புதிதாகச் சேருகிற எவருக்கும் அவர் ஒரு வேலை கொடுப்பார். மஸ்கட்டுக்கோ துபாய்க்கோ போய்ச் சேர்ந்த ஆளுக்குப் போன் போட்டு, "இங்க படுக்கையை விட்டு எப்போ எந்திரிச்சீங்க, அங்க போய் எப்போ படுத்தீங்க?" என்று கேட்கச் சொல்வார். நாலு மணி நேரம் என்று நாம் சொல்லி அனுப்பிய ஆள், ஒன்றரை நாள் என்பார். "அந்த ஒன்றரை நாளைத்தான் நாம விக்கிறோம். நாலு மணி நேரத்த பைலட் பாத்துக்குவான்" என்பார் அந்த மனிதர். மற்றபடி அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது. இது ஒன்று போதும்.

இனி சுகந்தி கதைக்கு வருகிறேன். உங்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். "டிக்கெட்டம்மா பயந்துபோய் ஒரு புள்ளைய நாளெல்லாம் ஏர்போர்ட்டுல உக்கார வெச்ச கதை" என்று நம் ஆபீசில் அது ரொம்பப் பிரபலம். டிக்கெட்டம்மா நான்தான். அதைப் பரப்பியவர் எங்கள் மேனேஜர். அவரும் இப்போது அங்கே இல்லை. இருந்திருந்தாலும் இதே மாதிரிதான் சொல்வேன்.

சுகந்தி வளப்பூர் நாட்டுப் பெண்; இந்த மலையில் நாடு என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பகுதி. அப்பா வெள்ளையனுக்கு மிளகும் மரவள்ளியும். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பலா மரம். அவள் நர்சிங் படித்து, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை பார்த்து, இங்கிலீஷ் பரீட்சையை இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாம் தடவை தேறி, நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வாங்கியிருந்தாள். அவர்கள் நாட்டிலிருந்து அவ்வளவு தூரம் போகிற முதல் ஆள் அவள்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, சர்டிபிகேட்டில் வேறு மாதிரி இருந்ததால் விசா இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வந்து சேர்ந்தது. வந்த விசாவில் ஒரு கெடு இருந்தது. குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமைக்குள் அந்த நாட்டு மண்ணில் கால் வைத்துவிட வேண்டும். தாண்டினால் அது வெறும் காகிதம். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை அந்த ஆஸ்பத்திரி இவளுக்காக இடம் பிடித்துக் காத்திருக்காது.

அப்போது நான் என் தங்கை மகள் பிரசவத்துக்காக லீவில் இருந்தேன். மேனேஜரே நேரடியாக இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் எம்.பி.ஏ. படித்தவர். டை கட்டுவார். ராசிபுரத்து வெயிலில் டை கட்டுகிற ஒருவரின் மனத்திடத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சுகந்தியின் தாய்மாமனோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். அந்த மாமன் முள்ளுக்குறிச்சியில் கட்டட கான்ட்ராக்டர். குடும்பத்தில் எந்த முடிவும் அவரைக் கேட்காமல் நடக்காது, கேட்டால் உருப்படாது. அந்த வாரம் புதன்கிழமை ஊரில் ஆடித் திருவிழா, கிடா வெட்டு. "புள்ள திருவிழாவப் பாத்துப்போட்டுத்தானுங்க போகோணும்" என்று மாமன் சொல்ல, மேனேஜர் கம்ப்யூட்டரில் திருச்சி, ஆக்லாந்து என்று தட்டியிருக்கிறார். பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம் என்று வந்திருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி திருச்சியில் ஏறினால் வெள்ளிக்கிழமை மத்தியானம் இறங்கிவிடலாம், தாராளமாக நேரம் இருக்கிறது, டிக்கெட்டைப் புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாமன் அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் நான் வேலைக்கு வந்தேன். மேனேஜர் என் மேசையில் பாஸ்போர்ட் நகலை வைத்து, "வியாழன் நைட். போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட உட்கார்ந்தேன். திருச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூரில் இறங்கி மாற வேண்டும். வியாழன் ராத்திரி கிளம்பினால் வெள்ளி விடியும்போது சிங்கப்பூர். அங்கிருந்து ஆக்லாந்து விமானம் வெள்ளி சாயங்காலம். அது போய்ச் சேருவது சனிக்கிழமை. போதாததற்கு, அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு வெள்ளி சாயங்காலம் என்றால் அவர்களுக்குச் சனி பிறந்துவிட்டது. திரையில் சனிக்கிழமை என்று தெளிவாகப் போட்டிருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

நான் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நடுவுல வெயிட்டிங் இருக்குன்னா வேற ரூட் பாருங்க. பதினாலு மணி நேரத்துல போகலாம்னு போட்டிருக்கே?" என்றார்.

"யார் போட்டது சார்?"

"இன்டர்நெட்ல போட்டிருக்கு."

"இன்டர்நெட் பைலட்டா சார்?"

அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் உட்கார்ந்து அவரே தேடினார். சென்னை வழி, பெங்களூர் வழி, கோலாலம்பூர் வழி. எதிலும் வெள்ளிக்கிழமை போய்ச் சேர முடியாது, அல்லது இடம் இல்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டே வழி. ஒன்று, அன்றைக்கே, புதன் ராத்திரி விமானம். வியாழன் விடியும்போது சிங்கப்பூர், பகல் முழுக்கக் காத்திருப்பு, சாயங்காலம் ஆக்லாந்து விமானம், வெள்ளி மத்தியானம் இறக்கம். இன்னொன்று, வியாழன் காலையில் திருச்சியிலிருந்து போகும் விமானம். சிங்கப்பூரில் கொஞ்ச நேர இடைவெளி, அதே சாயங்கால விமானத்தில் ஏற்றம், அதே வெள்ளி மத்தியானம் இறக்கம்.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்ன? வியாழன் காலைல போடுங்க. டிராவல் டைம் பாதிதான். கஸ்டமரும் ஹாப்பி."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என்ன போட்டிருப்பீர்கள்? யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். திரையில் பயண நேரம் குறைவாக இருக்கிற வழிதான் மேலே வரும். மேலே வருவதைத்தான் நீங்கள் போடுவீர்கள்.

நான் அந்த விமானத்தை நினைக்கவில்லை. அது தவறினால் அடுத்தது எது என்று நினைத்தேன். அடுத்தது இல்லை. திருச்சியில் ஓர் அரை நாள் மழை, ஒரு சின்ன மெஷின் கோளாறு, யாரோ ஒருவர் பெட்டியை ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் போக, அந்தப் பெட்டியைத் தேடி இறக்குவது, எது நடந்தாலும் சிங்கப்பூரில் அந்தக் கொஞ்ச நேரம் கரைந்துபோகும். அதற்கு முன்னால் இந்த மலை இருக்கிறது. காலை விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே அவள் இறங்க வேண்டும். ஆடி மாதம். மழையும் மூடுபனியும். வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றால் மேலே இருக்கிறவர்கள் மேலேயே இருக்க வேண்டியதுதான். ராத்திரி விமானம் என்றால், அதைத் தவறவிட்டாலும் காலை விமானம் கைவசம் இருக்கும். காத்திருக்கிற அந்த ஒரு பகலைத்தான் நான் வாங்க நினைத்தேன்.

மேனேஜரிடம் அதைச் சொன்னேன். "எல்லாமே தப்பா நடக்கும்னு ஏன் நெனக்கிறீங்க? பாசிட்டிவா இருங்க" என்றார். பாசிட்டிவாக இருந்ததால்தான் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை என்று படித்தீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். வெளியே வந்து ராத்திரி விமானத்துக்கே டிக்கெட் போட்டேன். அவரைக் கேட்கவில்லை.

வளப்பூருக்குப் போன் போனால்தானே! சுகந்திக்கு அடித்தேன், மாமனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆபீஸ் காரைக் கேட்டேன். பஸ்ஸில் போங்களேன் என்றார் மேனேஜர். பஸ் ஏறி, மாறி, மலை போய்ச் சேர்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். பேளுக்குறிச்சியில் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவரைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாடு நினைவுக்கு வந்தபோது பாதி வளைவுகள் தாண்டியிருந்தோம். அதுவும் நல்லதுக்குத்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெளியே வரவும் ஒன்றும் இல்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மேளச் சத்தம் கோயில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அண்டாவில் கறி வெந்துகொண்டிருந்தது. மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுவில் நின்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க டிக்கெட்டம்மா! சாப்புட வாங்க. கிடாக் கறி" என்றார்.

நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். சுகந்தி மூன்று மணி நேரத்துக்குள் மலை இறங்க வேண்டும் என்றேன். மாமன் சிரித்தார். பிறகு போனை எடுத்து, படம் பிடித்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டினார். சிக்னல் இல்லாத ஊரிலும் அது மட்டும் பத்திரமாக இருந்தது.

"இங்க பாருங்க. பதினாலு மணி நேரம். உங்க மேனேஜரே சொன்னதுங்க. எங்களுக்கும் படிக்கத் தெரியுமுங்க."

"அந்தப் படத்துல இருக்கற பிளைட்டு எங்கயும் ஓடலீங்க. நேரா போற வண்டியே கெடையாது. சிங்கப்பூர்ல எறங்கி மாறோணும். வியாழன் ராத்திரி போனா சனிக்கிழமதான் போய்ச் சேருவா. உள்ள விடமாட்டாங்க."

இது அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. கோபம் மேனேஜர் மேல் வரவில்லை, என் மேல் வந்தது. கெட்ட செய்தியைக் கொண்டுவருகிற ஆளுக்குத்தான் எப்போதும் அது கிடைக்கும், பழகிக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து, வாசலில் நின்ற பந்தல்காரர் ஒருவர், கோயில் மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்றார். மாமன் ஓடினார். திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். மேனேஜரிடம் பேசிவிட்டார்.

"ஏனுங்கம்மா, நாளைக்குக் காலைலயும் ஒரு பிளைட்டு இருக்குதாமா? ரெண்டும் அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேருதாமா? இத ஏன் நீங்க சொல்லல?"

கூட்டம் என்னைப் பார்த்தது. சுகந்தியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். மாமன் விடவில்லை. "ஒரே பிளைட்டுல போய் ஒரே நேரத்துல எறங்கறதுக்கு, எம் மருமவ ஒரு ராத்திரி ஊட்டுல படுத்துத் தூங்கிப்போட்டுப் போனா உங்களுக்கு என்னங்க நட்டம்? ஆருமில்லாத புள்ள மாதிரி நாளெல்லாம் அங்க போய்க் குந்தியிருக்கோணுமா?"

ஒன்று சொல்கிறேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கணக்கும் சரி. இரண்டு வழியும் ஒரே நேரத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பதில் சொல்ல என்னிடம் ஒரு நம்பர்கூட இல்லை. காலை விமானம் தாமதமாகும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆகாது என்றும் முடியாது. அந்த இடத்தில் பேசாமல், "சரிங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கறி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். எல்லோருக்கும் பிடித்தவளாக ஊர் திரும்பியிருப்பேன். வாடிக்கையாளர் மனம் குளிர்வது முக்கியம் என்று உங்களுக்கு வகுப்பெடுக்கிறார்களே, அந்த வகுப்பில் எனக்கு முதல் மார்க் கிடைத்திருக்கும்.

நான் மாமனிடம் பேசுவதை நிறுத்தினேன். போகிறவள் அவரில்லை. "சுகந்தி எங்க?" என்று கேட்டேன்.

அவள் அடுப்படிப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையில் பூ, கையெல்லாம் மஞ்சள். முன்னால் வந்தாள்.

"அக்கா, காலைல பிளைட்டு லேட்டாச்சுன்னா அடுத்தது எது?"

"அடுத்தது இல்ல கண்ணு."

"ராத்திரி பிளைட்டு லேட்டாச்சுன்னா?"

"சிங்கப்பூர்ல பகல் முழுக்க இருக்குது. எவ்வளவு லேட்டானாலும் தாங்கும். ரோட்டுல மாட்டி அதயே விட்டுட்டாலும், காலைல ஒண்ணு இருக்குது."

அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள். எல்லாம் நல்லபடியாகப் போகும் என்று நம்பிக்கொண்டு அங்கே யாரும் ரத்தப் பாட்டிலைத் தயாராக வைக்காமல் இருப்பதில்லை. மாமனைப் பார்த்து, "மாமா, நான் இன்னிக்கே கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

மாமன் கத்தினார். கிடா வெட்டியது யாருக்காக என்று கேட்டார். அம்மனுக்காக என்று நான் நினைத்திருந்தேன். அவள் அம்மா என்னைச் சபிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா வெள்ளையன் எழுந்தார். உள்ளே போய் மகளின் பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு வந்து, டாக்ஸியின் கூரை மேல் வைத்தார். கயிற்றால் கட்டினார். கட்டியதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

கீழே இறங்கும் வழியில் சுகந்தி அழவில்லை. நான்தான் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். திருச்சி விமான நிலையத்துக்குள் அவள் போகும்போது இன்னும் கையில் மஞ்சள் இருந்தது. உள்ளே போனவள் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீங்க சாப்புடவே இல்ல" என்றாள். அந்த நாள் முழுவதும் அதை எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவள்.

அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். ஏசி குளிர் தாங்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு ஒடிகிறது, ஒரு காபி வாங்கப் பயமாக இருக்கிறது என்றாள். "பொறுத்துக்க கண்ணு" என்றேன். அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். அன்று காலைத் திருச்சி விமானம் மழையில் மாட்டியது, டிக்கெட்டம்மா ஜெயித்தாள், எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். அப்படித்தானே?

அந்த விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. மழை இல்லை. வளைவில் எந்த லாரியும் நிற்கவில்லை. சிங்கப்பூரில் குறித்த நேரத்துக்கும் முன்னதாகவே இறங்கியது. அதில் வந்தவர்கள் நிதானமாக நடந்துபோய், சுகந்தி ஏறிய அதே விமானத்தில் ஏறினார்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த பெண்ணே அந்தக் காலை விமானத்தில் வந்தவள்தானாம். நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருந்தாளாம்.

வெள்ளி மத்தியானம் ஆக்லாந்தில் இறங்கினாள். அங்கிருந்த அதிகாரி விசாவைப் பார்த்து, நாட்காட்டியைப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, முத்திரை குத்தி உள்ளே விட்டாராம். அவ்வளவுதான் நடந்தது.

மாமன் ஆபீசுக்கே போன் செய்தார். "ஏனுங்கம்மா, காலைல போன பிளைட்டும் ஒண்ணும் ஆகலியாமா. எம் மருமவள வீணா அலைய வெச்சுப்போட்டீங்களே" என்றார். மேனேஜர் அன்றிலிருந்து வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "எங்க மேடம் ரொம்ப சேஃப்டி. மழைக்காலம்னா வீட்டை விட்டே வெளிய வர மாட்டாங்க" என்று சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் மலையில் ஒரு விழா எடுத்து, வெளிநாட்டுக்கு மலைப் பெண்ணை அனுப்பிவைத்த சேவைக்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியது மாமன். சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை என்று படித்தவருக்கு, அதை நம்பியவர் போர்த்திய சால்வை. எனக்கு அழைப்பு இல்லை. இருந்தாலும் போயிருக்க மாட்டேன். அந்த வளைவுகளில் இன்னொரு தடவை ஏற அப்போது எனக்கு விருப்பம் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நான் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை. அதனால் நான் எடுத்த முடிவு தப்பாகிவிடவில்லை. நாளைக்கே அதே நிலைமை வந்தால் அதே டிக்கெட்டைத்தான் போடுவேன். குடை எடுத்துப்போன நாளில் மழை பெய்யவில்லை என்று குடை எடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நம் தொழிலில் நிறைய. அவர்களுக்குத்தான் பதவி உயர்வும் கிடைக்கும். நீங்கள் சரியாக வேலை செய்தால், பாதி நாள் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் சால்வை போர்த்த மாட்டார்கள். இதைத் தாங்க முடியாதவர்கள் வேறு வேலை பார்க்கலாம். அந்தத் திரையே உங்கள் வேலையைச் செய்துவிடும். உங்களைவிட வேகமாகவும் செய்யும்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் பேளுக்குறிச்சிச் சந்தை நாள் ஒன்றில் வெள்ளையன் ஆபீசுக்கு வந்தார். மிளகு விற்றுவிட்டு வந்திருந்தார். மடித்த வெறும் சாக்கு தோளில் கிடந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆபீசில் வேறு யாரும் இல்லை. அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தார் என்று நினைக்கிறேன்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"சுகந்தி அங்கிருந்து பொறப்பட்டா, இங்க ஊட்டு வாசலுக்கு வந்து சேர எத்தன நாளாகுமுங்க?"

"லீவுக்கு வர்றாளா?"

"இல்லீங்க. வந்து..." சாக்கை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "நாமக்கல்லுல டாக்டரப் பாத்தனுங்க. நெஞ்சு சரியில்லைனாரு. எப்ப வேணாலும்னாரு. அதான். எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னு சொல்லி விட்டா, அவ மொகத்தப் பாக்க வர முடியுமான்னு."

என் சொந்த அண்ணனே கேட்டிருந்தால்கூட மழுப்பியிருப்பேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லியிருப்பேன். எல்லோரும் அவரிடம் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்க அவர் என்னிடம் வரவில்லை.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். சேதி போய்ச் சேர வேண்டும். அவளுக்கு லீவு கிடைக்க வேண்டும். விமானத்தில் இடம் வேண்டும். சிங்கப்பூர், திருச்சி, இந்த மலை.

"மூணு நாளுங்க," என்றேன். "எல்லாம் சரியா அமஞ்சா. இல்லீன்னா நாலு."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"மூணு நாளு வெச்சிருக்கறது சரியில்லீங்க. அவளுக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுத்துருங்கன்னு ஊட்டுல சொல்லி வெச்சிர்றேன். அவளும் அங்க கெடந்து அடிச்சுக்கிட்டு ஓடி வர வேண்டாம். நிதானமா வரட்டும்."

தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"எல்லாரும் ஒரே நாளுல வந்துருவா, ஒரே நாளுல வந்துருவாங்கறாங்க அம்மிணி," என்றார். "அத நம்பியிருந்தா எம்பட பொண்டாட்டி என்னப் போட்டு வெச்சுக்கிட்டு வாசலயே பாத்துக்கிட்டு இருந்திருப்பா. நல்லவேள, கேட்டன்."

தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். வளப்பூர் பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார்.